அத்தையும் ஊதணும்

சாவியைக் காணோம் என்றுதான் அந்தச் சனிக்கிழமை விடிந்தது.

"ஆணியிலதான மாட்டினேன். யாரு எடுத்தது?" கொளஞ்சிநாதன் ஈரத் தலையோடு கூடத்தில் நின்று கேட்டான்.

அவன் மனைவி சிவசங்கரி அடுப்படியிலிருந்து பதில் சொல்ல வாயெடுத்தாள். குக்கர் விசில் அடித்தது. அதற்குள் மகள் வெண்பா டிவியின் பக்கத்திலிருந்து சாவியை எடுத்து அப்பாவின் முகத்துக்கு நேரே ஆட்டினாள்.

"என்னையும் லாரில கூட்டிட்டுப் போறேன்னு சொல்லுங்க. அப்பதான் தருவேன்."

"எங்கடி?"

"வேப்பூருக்கு. இன்னிக்கு ஸ்கூலு லீவுதான."

"சரி, தெருமுனையில ரெடியா நில்லு. லோடு ஏத்திட்டு வந்து தூக்கிக்கறேன். எறக்கிட்டு, புரோட்டா தின்னுட்டு வந்துடலாம். ஆயாகிட்ட மட்டும் மூச்சு வுடாத. வெயிலு, புழுதின்னு ஆரம்பிச்சுடுவாங்க."

ஆயா, கொளஞ்சிநாதனின் அம்மா அமிர்தம், அப்போது வீட்டில் இல்லை. வழக்கத்துக்கு முன்பே எழுந்து பீங்கான் பட்டறைக்குப் போய்விட்டிருந்தாள். சிவசங்கரியின் தம்பி தமிழ்செல்வனும் இல்லை. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன் என்று ஒரு மாதமாக அக்கா வீட்டில் தங்கியிருக்கிறவன், அக்காவின் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கடலூருக்குப் பரீட்சை எழுதக் கிளம்பிவிட்டான்.

கொளஞ்சிநாதன் அலமாரியிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டான். லோடு ஏற்றப் போகிறவனுக்கு வெள்ளைச் சட்டை எதற்கு என்று கேட்க நினைத்து, சிவசங்கரி விட்டுவிட்டாள்.

பேசாமல் விட்டுவிடுவது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். வாழ்க்கையில் அவள் பத்துப் பேர் நடுவில் குரலை உயர்த்தியது ஒரே ஒரு தடவை. அதுவும் போன வாரம்தான்.

ராஜமாணிக்கத்தின் பீங்கான் பட்டறையில், தங்கராசு குடித்துவிட்டு வந்து சூளை டிராலியைச் சுவரில் மோதவிட்ட நாள் அது. அடுக்கியிருந்த பொம்மைகள் அத்தனையும் தூள். நல்லவேளை, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. முதலாளி அன்றைக்கே, குடித்திருந்தால் காட்டிக்கொடுக்கிற, ஊதுகிற மெஷின் ஒன்றை வாங்கிவந்து சிவசங்கரியிடம் கொடுத்தார். பட்டறையில் மண்ணையும் பூச்சையும் சோதித்துப் பார்ப்பது அவள் வேலை. "நீ கெமிஸ்ட்ரி படிச்ச பொண்ணு. வர்ற சனிக்கிழமையிலேர்ந்து வாசல்ல ஊதாம ஒருத்தரும் உள்ள போகக் கூடாது. இது உன் பொறுப்பு."

"பொம்பளைங்களுமா ஊதணும்?" என்று பானுமதி இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள். "நாங்க என்ன கடைக்கா போயிட்டு வரோம்?"

அப்போதுதான் சிவசங்கரி அதைச் சொன்னாள். "எல்லாரும்னா எல்லாரும்தான். எங்க அத்தையும் ஊதணும்."

சட்டென்று எல்லோரும் அடங்கிப்போனார்கள். அமிர்தத்தை முன்னால் நிறுத்திய பிறகு யார் என்ன சொல்ல முடியும்? பொம்மைகளின் கிரீடத்துக்கும் புடவைக் கரைக்கும் பொன்கோடு இழுப்பவள் அமிர்தம். கணவன் போன பிறகு, அந்தப் பொன்கோட்டை இழுத்து இழுத்தே மகனை வளர்த்தவள். சாராய வாடை வீசினால் கல்யாணப் பந்தியிலிருந்தும் இலையை விட்டு எழுந்து வந்துவிடுவாள்.

அந்த மகன்தான் கொளஞ்சிநாதன். போன வருஷம் குடித்துவிட்டு நல்லூர்ப் பக்கம் பட்டறையின் மினி லாரியை வாய்க்காலில் இறக்கினான். முதலாளி சாவியைப் பிடுங்கிக்கொண்டார். அமிர்தம் நேரே மணவாளநல்லூருக்குப் போய், கொளஞ்சியப்பர் சன்னதியில் மகன் மேல் பிராது கட்டிவிட்டு வந்தாள். சாமியின் பேரை வைத்த பிள்ளையின் மேல் அதே சாமியிடம் புகார். ஊரே அதைப் பேசியது. அதற்குப் பிறகு அவன் குடிக்கவில்லை. குடிக்கவில்லை என்று அவன் சொன்னான். வீடும் நம்பியது, ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு.

இந்த வாரம்தான் சாவி அவன் கைக்குத் திரும்பி வந்திருந்தது. அதற்கும் ஒரு நிபந்தனை இருந்தது. சனிக்கிழமையிலிருந்து தினமும் வாசலில் ஊத வேண்டும். ஒரு நாள் மெஷின் கத்தினாலும் சாவி போய்விடும். அதற்கு மேல் அவனுக்கு இந்த ஊரில் யாரும் வண்டி தரமாட்டார்கள்.

அந்த மெஷினின் முதல் நாள் இன்றைக்கு.

வரிசையின் முதல் ஆளாக அமிர்தம் நின்றாள். அவளுக்குப் பின்னால் வெள்ளைச் சட்டையில் கொளஞ்சிநாதன். அவனுக்குப் பின்னால் மற்றவர்கள். கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு தங்கராசு.

சிவசங்கரி புதுக் குழாய் ஒன்றைப் பிரித்து மெஷினில் சொருகினாள்.

"அத்தை, சத்தம் நிக்கிற வரைக்கும் விடாம ஊதுங்க."

அமிர்தம் ஊதினாள்.

மெஷின் சிவந்தது. பிறகு கத்தியது.

நூற்று அறுபது.

சிவசங்கரி எண்ணைப் பார்த்தாள். மெஷினைத் திருப்பித் தட்டிவிட்டு மறுபடியும் பார்த்தாள். முப்பதைத் தாண்டினாலே வண்டி ஓட்டக் கூடாது. நூற்று அறுபதில் ஒருத்தர் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடியும். அத்தை அடித்து வைத்த முளைபோல நின்றுகொண்டிருந்தாள்.

வரிசையிலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். உள்ளே ராத்திரி முழுக்க ஓடிய மண் அரைக்கிற எந்திரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

"அக்கா," என்றான் தங்கராசு கடைசியிலிருந்து, "எந்தக் கடைன்னு சொல்லுங்க. நானும் அங்கயே மாறிக்கறேன்."

பானுமதி திரும்பிப் பார்த்த பார்வையில் அவன் ஓர் அடி பின்னால் போனான்.

சிவசங்கரிக்கு ஒன்று ஞாபகம் வந்தது. நேற்று அவள் வர்ணம் தீட்டுகிற பெண்களை உட்காரவைத்து ஒரு விஷயம் சொல்லியிருந்தாள். பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் அலசி, உதட்டில் வைத்து நுனி கூர்செய்வது அவர்கள் எல்லோருக்கும் பழக்கம். ஊதுவதற்கு முன் அதைச் செய்யக் கூடாது, வாயில் ஸ்பிரிட் பட்டிருந்தால் குடிக்காதவர்களுக்கும் மெஷின் கத்தும் என்று சொன்னாள். முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டது அத்தைதான்.

"அத்தை, பிரஷ்ஷை வாயில வச்சீங்களா?"

"இல்ல."

"நல்லா நெனச்சுப் பாருங்க."

"வர்ணக் கூடமே இன்னும் தொறக்கல. பச்சத் தண்ணிகூடப் பல்லுல படல எனக்கு." அமிர்தம் முதலாளியின் பக்கம் திரும்பினாள். "இந்த மெஷினு பொய் சொல்லுதுங்க மொதலாளி. என்னையே குடிகாரின்னு சொல்ற மெஷினு நாளைக்கு யாரைத்தான் சொல்லாது? இதை நம்பி ஒருத்தன் சோத்துல மண்ணைப் போடுவீங்களா?"

அத்தை ஒரே மூச்சில் இவ்வளவு பேசி சிவசங்கரி கேட்டதில்லை.

ராஜமாணிக்கம் கையிலிருந்த டீ டம்ளரைக் கீழே வைத்தார். "அமிர்தக்கா குடிச்சாங்கன்னா இந்தச் சூளை ஐஸ் பொட்டிதான். எவனோ டப்பா மெஷினைத் தலையில கட்டிட்டான். சங்கரி, அதை மூட்டை கட்டும்மா, திருப்பிக் குடுத்துடலாம். எல்லாரும் வேலையைப் பாருங்க."

"மொதலாளி, கால் மணி நேரம் கழிச்சு இன்னொரு தடவை..."

"அதான் பார்த்தாச்சேம்மா."

வரிசை கலைந்தது. கொளஞ்சிநாதன் மட்டும் நகரவில்லை. மெஷினைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். ஏதோ சொல்ல வந்தவன்போல, "மொதலாளி, நான்..." என்று இழுத்தான்.

"நீ போப்பா, லோடு நிக்குது," என்றார் அவர்.

"போ, சாமி. வண்டியை எடு," என்றாள் அமிர்தம்.

அவன் போனான்.

சிவசங்கரி அத்தையைக் கைபிடித்து, பின்பக்கம் கைகழுவும் தொட்டிக்கு அழைத்துப் போனாள். எல்லோருடைய பார்வையும் முதுகில் ஒட்டிக்கொண்டே வந்தது. தன்னால் வந்த அவமானம் இது. அவள்தான் சொன்னாள், அத்தையும் ஊதணும் என்று. இந்தக் கறையைத் துடைக்காமல் சாயங்காலம் எந்த முகத்தோடு அந்த வீட்டுக்குள் நுழைவது?

"வாயைக் கொப்புளிங்க அத்தை. நல்லா."

"வுடு சங்கரி. மெஷினுதான் கெட்டுப்போச்சே."

"எனக்காக."

அமிர்தம் தண்ணீரை வாங்கிக் கொப்பளித்துத் துப்பினாள். தண்ணீரோடு ஏதோ தொட்டியில் விழுந்தது.

ஒரு துணுக்குப் பஞ்சு.

இருவரும் அதைப் பார்த்தார்கள். அமிர்தம் குழாயைத் திறந்து அதை அடித்துக்கொண்டு போகவைக்கப் பார்த்தாள். அது சல்லடையில் சிக்கிக்கொண்டு நின்றது. சிவசங்கரி விரலால் எடுத்து முகர்ந்தாள். ஸ்பிரிட்.

ஏன் என்று கேட்டால் என்ன பதில் வரும் என்று பயமாக இருந்தது. மூட்டை கட்டிய மெஷினைப் பிரித்து வைத்துக்கொண்டு, அத்தையின் பக்கத்தில் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். வெளியே லாரி கிளம்புகிற சத்தம் கேட்டது. பிறகு புதுக் குழாய் போட்டு நீட்டினாள்.

அமிர்தம் ஊதினாள். மெஷின் பச்சையாக நின்றது. பூஜ்யம்.

"மெஷினு பொய் சொல்லல அத்தை."

அமிர்தம் புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"நேத்து நான் சொன்னதைக் கேட்டுட்டுத்தான செஞ்சீங்க? ஏன் அத்தை?"

"விடியக்காலையில கொடை எடுக்க லாரிக்குப் போனேன்," என்றாள் அமிர்தம். "நேத்து அதுலயே வச்சுட்டேன். கதவு பூட்டாம கெடந்துச்சு. சீட்டுக்கடியில கையை வுட்டா பாட்டிலு. பாதி காலி."

சிவசங்கரிக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"எம் பையில இருந்த ஸ்பிரிட்டுல பஞ்சை நனைச்சு வாயில அடக்கிக்கிட்டேன். அவன் ஊதியிருந்தா அங்கயே சாவி போயிருக்கும். அதோட அவன் கதை முடிஞ்சுது. என்னை ஒரு நாளைக்குப் பேசுவாங்க. அமிர்தமா, சேச்சே, மெஷினு சரியில்லைன்னு வுட்டுடுவாங்க. அவனை வுட மாட்டாங்க, சங்கரி."

"குடிச்சவரை வண்டியில ஏத்தி அனுப்பிச்சிருக்கீங்க."

"தூங்கி எழுந்துட்டானே. இந்நேரம் தெளிஞ்சிருக்கும்ல?"

"மெஷினுல தெரிஞ்சுடும்னு பயந்தீங்கல்ல? மெஷினுல தெரியறது உடம்புலயும் இருக்கும் அத்தை."

அமிர்தம் தலையைக் குனிந்துகொண்டாள். "மெதுவாத்தான் ஓட்டுவான். ஒத்தையாதான போறான்."

"ஒத்தையா இல்ல. வெண்பாவும் போறா."

அமிர்தத்தின் கை புடவைத் தலைப்போடு அப்படியே நின்றது. "எந்த வெண்பா?" என்று கேட்டாள், வேறு யாரோ ஒரு வெண்பா இருக்கக் கூடாதா என்பதுபோல. பிறகு அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சிவசங்கரி ஓடிப்போய்ப் பானுமதியிடம் வண்டி கேட்டாள். அவள் ஏன் எதற்கு என்று கேட்காமல் தன் ஸ்கூட்டிச் சாவியைத் தூக்கிப் போட்டாள். சிவசங்கரி மெஷினைப் பையில் திணித்துக்கொண்டாள். அத்தையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வேப்பூர் சாலையில் திரும்பினாள்.

எதிரே கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் சாலையை அடைத்துக்கொண்டு வந்தன. ஒவ்வொன்றையும் கடக்கும்போது பின்னாலிருந்து அத்தையின் விரல்கள் தோளில் அழுந்தின. ஓரமாக நிறுத்திக் கொளஞ்சிநாதனுக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். நல்லூர் வாய்க்காலில் சக்கரம் மேலே பார்க்கக் கிடந்த லாரிதான் கண்ணுக்குள் வந்து நின்றது. வாசலில் "நான்..." என்று அவன் இழுத்ததும் ஞாபகம் வந்தது. ஒப்புக்கொள்ள வந்தானோ?

மூன்றாவது தடவை எடுத்தது வெண்பா.

"அம்மா, அப்பா வண்டி ஓட்டறாரு. என்கிட்ட சொல்லுங்க."

பின்னணியில் என்ஜின் சத்தம். காற்று. சிவசங்கரி குரலைச் சாதாரணமாக்கிக்கொண்டாள். எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

"வெண்பா, அப்பாவை வண்டியை நிறுத்தச் சொல்லு. ஒன்னுக்கு வருதுன்னு சொல்லு."

"எனக்கு வரலையே."

"வருதுன்னு சொல்லும்மா. அம்மா வந்து ஐஸ்கிரீம் வாங்கித் தரேன்."

தூரத்தில், "அப்பா, ஒன்னுக்கு" என்ற குரல். பிரேக் சத்தம்.

வேப்பூருக்கு முன்னால் ஒரு டீக்கடை ஓரத்தில் லாரி ஒழுங்காக நின்றிருந்தது. பிஸ்கட் தின்றுகொண்டிருந்த வெண்பா, "ஆயாவும் வந்துட்டாங்க," என்று ஓடிவந்தாள். அமிர்தம் அவளை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பெரிய பிள்ளை, இடுப்பில் நிற்கவில்லை. இருந்தும் விடவில்லை.

"என்ன ஆச்சு?" கொளஞ்சிநாதன் டீ டம்ளரோடு எழுந்தான். "யாருக்கு என்ன?"

சிவசங்கரி பையிலிருந்து மெஷினை எடுத்துப் புதுக் குழாய் சொருகினாள்.

"ஊதுங்க."

"கெட்டுப்போச்சுன்னாரே மொதலாளி?"

"கெடல. ஊதுங்க."

அவன் அவளைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். அமிர்தம் முகத்தை வெண்பாவின் தோளுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அவனுக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். டீயை வைத்துவிட்டு, டம்ளர் தண்ணீரில் வாயைக் கொப்பளித்தான். மெஷினைத் தானே வாங்கிக்கொண்டான். சத்தம் நிற்கும் வரைக்கும் விடாமல் ஊதினான்.

பச்சை. பூஜ்யம்.

சிவசங்கரி அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது மாறிவிடும் என்பதுபோல. அது மாறவில்லை.

"போதுமா?" என்றான் அவன். குரலில் கோபம் இருந்திருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும். அது இல்லை.

"வாசல்ல அம்மாவுக்குக் கத்துனதும் எனக்குத் திக்குன்னு ஆயிடுச்சு. மெஷினை மூட்டை கட்டுன்னு மொதலாளி சொன்னாரு பாரு, அதுக்கு மேல ஆயிடுச்சு. எல்லாரும் நிக்கறப்ப ஊதணும்னுதான் இந்தச் சட்டையைப் போட்டுட்டு வந்தேன். ஊதிட்டு, சாயங்காலம் அம்மாவைக் கூட்டிட்டுப் போயி, பிராதை வாபஸ் வாங்கச் சொல்லலாம்னு இருந்தேன்."

அமிர்தம் வெண்பாவை இறக்கிவிட்டாள். "நான்தாம்ப்பா," என்றாள். "நான்தான் கெடுத்தேன். பாட்டிலைப் பார்த்துட்டு..."

"என்ன பாட்டிலு?"

மூன்று பேரும் லாரியைப் பார்த்தார்கள். கொளஞ்சிநாதன்தான் போனான். கதவைத் திறந்து சீட்டுக்கடியில் கைவிட்டான். கை வெளியே வந்தபோது பாட்டில் அதில் இருந்தது. அவன் அதைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தாலே போதும். செத்த எலியைத் தூக்குவதுபோல, இரண்டு விரலில்.

"எம்மா, இது என்னுது இல்ல."

நம்புகிறேன் என்று அமிர்தம் தலையசைத்தாள். இந்தத் தடவை அவள் கண்கள் இரண்டும் மூடியிருந்தன.

"பின்ன யாருது? வண்டி நேத்து ராத்திரி வூட்டுக்குப் பக்கத்துலதான் நின்னுச்சு. நான் எட்டு மணிக்கே படுத்துட்டேன்." அவன் பாட்டிலிலிருந்து கண்ணை எடுத்தான். "பூட்டித்தான் வச்சேன். சாவியை ஆணியிலதான மாட்டினேன். யாரு எடுத்தது?"

காலையில் கேட்ட அதே கேள்வி. இப்போது குறுக்கே விசிலடிக்க எந்தக் குக்கரும் இல்லை.

சாவியை எடுத்துக் கொடுத்தவள் சிவசங்கரிதான். நேற்று எல்லோரும் படுத்த பிறகு, "அக்கா, உள்ள ஒரே புழுக்கம். லாரியில படுத்துக்கறேன்," என்று தமிழ்செல்வன் வந்து நின்றான். டீகூடக் குடிக்காத பிள்ளை. நாளைக்குப் பரீட்சை, நன்றாகத் தூங்கட்டும் என்று ஆணியிலிருந்து எடுத்து அவன் கையில் வைத்தாள். விடிவதற்குள் எழுந்து, சாவியை டிவி பக்கத்தில் போட்டுவிட்டு, அவளுடைய ஸ்கூட்டியில் கிளம்பிப் போனான்.

கணவனைச் சந்தேகப்பட அவளுக்கு ஒரு நொடி போதுமானதாக இருந்தது. தம்பியின் முகம் அந்த நொடியில் பக்கத்தில்கூட வரவில்லை.

பாதி காலி என்றாள் அத்தை. சிவசங்கரி பாட்டிலைப் பார்த்தாள். பாதிகூட இல்லை, அடியில் கொஞ்சம்தான் மிச்சம். அத்தை பார்த்துவிட்டுப் போன பிறகும் அது குறைந்திருக்கிறது. அத்தை பார்த்தபோது தம்பி வீட்டுக்குள் குளித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்; திரும்பி வந்து குடித்துவிட்டுத்தான் ஸ்கூட்டியை எடுத்திருக்கிறான்.

அவள் போனை எடுத்துத் தம்பியின் எண்ணை அழுத்தினாள். அடித்துக்கொண்டே இருந்தது. கடலூர் சாலை, சனிக்கிழமை, மணல் லாரிகள்.

"யாருக்கு அடிக்கிற?" என்றான் கொளஞ்சிநாதன்.

அவள் வாயைத் திறந்தாள். இன்னொரு கையில் மெஷின் தானாகவே பழைய எண்ணை அழித்துக்கொண்டு, அடுத்த ஆளுக்குத் தயாராக மினுங்கியது.